மிடி வயர்ல சத்தம் போகுதா? (வாசகர் கேள்வி - பதில்)

பழைய சிந்தசைசர் (மின்சாரத்தால சத்தத்தை உண்டாக்குற கருவி), மிடி (எலக்ட்ரானிக் வாத்தியங்களை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற இணைப்பு முறை), 80கள்ல வந்த எலக்ட்ரானிக் இசைக்கருவிங்க பத்தி வாசகர்கள் அனுப்பின கேள்விகளுக்கு, ட்ரூப்ல கீபோர்டு வாசிச்சுக்கிட்டே பழைய கீபோர்டுங்களுக்கு சர்வீஸும் பண்ற நம்ம பத்தி எழுத்தாளர் பதில் சொல்றார்.

சார், எங்க சித்தப்பா வீட்டுப் பரண்ல இருந்து ஒரு பழைய கீபோர்டு கிடைச்சுது. பின்னாடி மிடி இன், மிடி அவுட், மிடி த்ரூன்னு மூணு வட்ட சாக்கெட் இருக்கு. அவுட்ல இருந்து வயர் இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தேன், சத்தமே வரல. போர்டு போயிடுச்சா?
– கல்லூரி மாணவர், சேலம்

போர்டு மேல சந்தேகப்படாதீங்க தம்பி, அந்த வயர்ல சத்தம் எப்பவுமே போகாது. சத்தம் வேணும்னா பக்கத்துல லைன் அவுட்னோ அவுட்புட்னோ போட்டு ஒரு கால் இஞ்ச் ஜாக் இருக்கும், அதுல இருந்து எடுங்க. மிடில போறது வெறும் நம்பர், அதாவது சுவரம் எழுதின நோட்டு மாதிரி, யார் அதைப் பாத்து எந்த வாத்தியத்துல வாசிக்கிறாங்களோ அந்த வாத்தியத்தோட சத்தம் வரும்.

நடுவுல இருக்குற சி கட்டையை அமுக்குனீங்கன்னு வைங்க, அவுட்ல மூணு நம்பர் கிளம்பும். 144, 60, 100. 144-ன்னா முதல் சேனல்ல (ஒரே வயருக்குள்ள போற தனித்தனி பாதையில ஒண்ணு) ஒரு நோட் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், 60 அந்த நடு சி, கடைசியில இருக்குற 100 நீங்க எவ்வளவு வேகமா அமுக்குனீங்கங்கிறது, அது 1-ல இருந்து 127 வரைக்கும் போகும். விரலை எடுத்தா 128, 60-ன்னு இன்னொரு செய்தி போகும், இல்லன்னா சில கீபோர்டுல அதே 144, 60 போட்டு கடைசியில 0 போகும், ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். செகண்டுக்கு 31,250 பிட் வேகம், ஒவ்வொரு நம்பருக்கும் முன்னாடி பின்னாடி அடையாள பிட்டும் சேர்த்து 10 பிட், அப்போ ஒரு நோட்டுக்கு 30 பிட், கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட்ல அந்தப் பக்கம் போய்ச் சேந்துடும். இன்னிக்கு இருக்குற யுஎஸ்பி வேகத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்லதான், ஆனா மனுஷ விரலுக்கு இது தாராளம்.

இதை நீங்களே கண்ணால பாக்கணும்னா ஒரு வேலை பண்ணுங்க. மிடி அவுட்டை இன்னொரு கீபோர்டோட மிடி இன்ல சொருகி, ஆர்கன் டோன் வச்சு, ஒரு கட்டையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வயரைப் புடுங்குங்க. கையை எடுத்த பிறகும் அந்தப் பக்கம் ஆர்கன் கத்திக்கிட்டே இருக்கும், ஏன்னா "விரலை எடுத்தாச்சு"ங்கிற செய்தி போய்ச் சேரவே இல்ல. மேடையில இப்படி ஒரு நோட் மாட்டிக்கிட்டா அதை நிறுத்தத்தான் 123-ஆம் நம்பர் கண்ட்ரோல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, எல்லா நோட்டையும் நிறுத்துன்னு சொல்ற செய்தி. சில கம்பெனி கீபோர்டு வாசிக்காம சும்மா இருக்கும்போதும் 300 மில்லிசெகண்டுக்குள்ள ஒரு தடவை "நான் இங்கதான் இருக்கேன்"னு 254-ன்னு ஒரு நம்பரை அனுப்பிக்கிட்டே இருக்கும், அது திடீர்னு நின்னா வயர் போச்சுன்னு புரிஞ்சு அந்தப் பக்கம் தானா அமைதியாயிடும்.

சாக்கெட்ல அஞ்சு ஓட்டை இருந்தாலும் வேலை பாக்குறது மூணுதான், 4-உம் 5-உம் சிக்னல், 2 ஷீல்டு. உள்ள வர்ற சிக்னல் நேரா போர்டுக்குப் போகாது, ஒரு சின்ன எல்ஈடியை எரிய வைக்கும், எதிர்ல இருக்குற சென்சார் அந்த வெளிச்சத்தைப் பாத்து வாங்கிக்கும். ரெண்டு கீபோர்டுக்கும் நடுவுல கரண்ட் தொடர்பே இல்ல, அதனால அந்த வயர் வழியா "ங்ங்"னு ஹம் வராது, ஒண்ணுல பவர் கோளாறு வந்தாலும் இன்னொண்ணு தப்பிச்சுக்கும். திருவிழா மேடையில ஜெனரேட்டர் கரண்ட்ல வாசிக்கிற எங்களுக்கு இதோட அருமை தெரியும். த்ரூங்கிறது இன்ல வந்ததை அப்படியே அடுத்த மெஷினுக்கு நகல் எடுத்து அனுப்புற வாசல், அவ்வளவுதான்.

ஒரு கம்பெனி சார்ஜர் இன்னொரு கம்பெனி போனுக்குச் சேர எத்தனை வருஷம் ஆச்சு! அப்படி இருக்க 1983-லேயே எல்லா கீபோர்டு கம்பெனியும் ஒரே வயருக்கு எப்படி ஒத்துக்கிட்டாங்க?
– வங்கி ஊழியர், கோவை

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. அதுக்கு முன்னாடி நிலைமை மோசம். மூக் (Moog)ங்கிற அமெரிக்க சிந்தசைசர் கம்பெனி, எந்தச் சுரம்னு சொல்ல ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, 1 வோல்ட்னு கணக்கு வச்சிருந்தாங்க, கோர்க், யமஹா செஞ்ச பல மாடல்ல கணக்கே வேற, அங்க ஒவ்வொரு ஆக்டேவுக்கும் வோல்டேஜ் ரெண்டு மடங்காகும். ஒண்ணோட ஒண்ணை இணைச்சா சுருதி எங்கேயோ போயிடும். 80 வாக்குல டிஜிட்டல்ல இணைக்க ஆரம்பிச்சப்பவும் அவங்கவங்க தனித்தனி முறை, ரோலண்டுக்கு டிசிபின்னு ஒண்ணு, அது ரோலண்டுக்குள்ள மட்டும்தான் பேசும்.

ஜப்பான்ல ரோலண்ட் கம்பெனியை ஆரம்பிச்ச இகுதாரோ ககேஹாஷிதான் இதைப் பத்தி முதல்ல பேச்செடுத்தது. 1981 ஜூன்ல நாம் (NAMM)ங்கிற இசைக்கருவி கண்காட்சியில, அமெரிக்காவுல சிந்தசைசர் செஞ்ச டாம் ஓபர்ஹைம்கிட்ட பேசினார், ஓபர்ஹைம் மூலமா சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியோட டேவ் ஸ்மித் உள்ள வந்தார். அதே வருஷம் நவம்பர்ல ஆடியோ இன்ஜினியர்கள் மாநாட்டுல டேவ் ஸ்மித்தும் அவர்கூட வேலை பாத்த செட் வுட்டும் ஒரு பொது இணைப்பு முறைக்கு திட்டம் வச்சாங்க. அப்புறம் ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய், சீக்வென்ஷியல் இவங்கதான் உக்காந்து பேசிப் பேசி அதை முழுசா ஆக்கினாங்க. மார்க்கெட்ல ஒருத்தர் பிழைப்பை ஒருத்தர் பறிக்கிற கம்பெனிங்க இதெல்லாம்!

1983 ஜனவரி நாம் கண்காட்சியில சீக்வென்ஷியலோட ப்ராஃபெட் 600-ஐயும் ரோலண்டோட ஜூபிடர் 6-ஐயும் ஒரு வயர்ல இணைச்சாங்க, ஒண்ணுல வாசிச்சா ரெண்டும் பாடுச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல மிடி 1.0 விதிமுறை வெளிவந்துடுச்சு. என்னைக் கேட்டா இது நிலைச்சதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அதுக்கு ராயல்டியோ லைசென்ஸ் கட்டணமோ யாரும் கேக்கல, யார் வேணா போட்டுக்கலாம். ரெண்டாவது, அதை ரொம்பச் சின்னதா வச்சாங்க, மலிவான சிப், ஜெர்மன் ஆடியோ செட்டுங்கள்ல ஏற்கனவே இருந்த மலிவான சாக்கெட், குறைஞ்ச விலை கீபோர்டுல போட்டாலும் செலவு தெரியாது. அந்த 31,250 பிட் வேகத்தைப் போதாதுன்னு அப்பவே குறை சொன்னாங்க, கூட்டியிருந்தா விலையும் கூடியிருக்கும், பாதிப் பேர் போடாம விட்டிருப்பாங்க. டேவ் ஸ்மித், ககேஹாஷி ரெண்டு பேருக்கும் 2013-ல டெக்னிக்கல் கிராமி கொடுத்தாங்க, ரொம்ப லேட்டுன்னுதான் சொல்லுவேன், ஆனாலும் ரெண்டு பேரும் உயிரோட இருக்கும்போதே கொடுத்தாங்களே, சந்தோஷம்.

பழைய மினிமூக் சிந்தசைசர்ல ஒரு நேரத்துல ஒரு நோட்தான் வருமாமே, கார்டு, அதாவது பல நோட்டை ஒண்ணா, வாசிக்க முடியாதாமே, அத்தனை விலை கொடுத்து அதை ஏன் வாங்கினாங்க?
– வாசகர், நாகர்கோவில்

ஒரு நோட்டுக்கே ஒரு போர்டு நிறைய சர்க்யூட் வேணும் சார், அதான் விஷயம். சத்தத்தை உண்டாக்குற ஆசிலேட்டர், அதோட கூர்மையைக் குறைக்கிற ஃபில்டர், ஏத்தி இறக்குற ஆம்ப்ளிஃபையர், இது மூணும் சேந்தாத்தான் ஒரு குரல். 1970-ல வந்த மினிமூக்ல மூணு ஆசிலேட்டர் இருந்தும் மூணும் ஒரே நோட்டுக்குத்தான் உழைச்சுது, அதனாலதான் அந்தச் சத்தம் அவ்வளவு தடிமனா இருக்கும். ரெண்டு நோட் வேணும்னா எல்லாத்தையும் ரெண்டு செட் கட்டணும். 1968-ல அமெரிக்க இசைக்காரர் வெண்டி கார்லோஸ், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட இசையை மூக்ல பதிவு பண்ணினப்போ ஒவ்வொரு வரியா தனித்தனியா வாசிச்சு 8 ட்ராக் டேப்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கித்தான் முடிச்சாங்க, அந்தப் பொறுமைக்கே கும்பிடு போடலாம்.

இதுல இன்னொரு தொல்லை, சூடானா சுருதி விலகும். ஆன் பண்ணி கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் சுருதி சேர்க்கணும், ஸ்டேஜ் லைட் சூட்டுல திரும்ப விலகும். டோனை சேவ் பண்றதெல்லாம் கிடையாது, எந்தத் திருகு எங்க நின்னுச்சுன்னு பேப்பர்ல படம் போட்டு வச்சுக்குவாங்க. 1978-ல ப்ராஃபெட் 5 வந்தப்போதான் அஞ்சு நோட் ஒண்ணா வாசிக்கலாம், 40 டோனை மெமரில வச்சுக்கலாம்னு ஆச்சு, உள்ள ஒரு மைக்ரோப்ராசஸர் உக்காந்து அதைப் பாத்துக்குச்சு. மிடிக்கு வழி விட்டதே அந்த மைக்ரோப்ராசஸர்தான், கட்டையில கை வச்சதை நம்பராப் படிக்க உள்ள ஒரு மூளை வந்துடுச்சு இல்லையா, அந்த நம்பரை வெளிய அனுப்புறது அடுத்த படி.

80கள்ல வந்த பாட்டுல எல்லாம் ஒரே மாதிரி கண்ணாடி மணி போல ஒரு பியானோ சத்தம் வருதே, அது என்ன கருவி?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

நீங்க சொல்றது பெரும்பாலும் 1983-ல வந்த யமஹா டிஎக்ஸ்7-ஆ இருக்கும்மா, அதுல இ பியானோ 1-ன்னு ஒரு டோன், உலகம் பூரா அதைத்தான் வாசிச்சாங்க.

அதுக்குப் பின்னால இருக்குற கதை அழகு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ஜான் சௌனிங்னு ஒரு இசைக்காரர், 1967-ல கம்ப்யூட்டர்ல ஒரு சத்தத்துக்கு வைப்ரேட்டோ கொடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தார், அதாவது ஒரு ஆசிலேட்டரால இன்னொண்ணோட சுருதியை ஆட்டுறது. ஆட்டத்தோட வேகத்தை ஏத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல அது ஆட்டமா கேக்கல, சத்தத்தோட நிறமே மாறி மணி மாதிரி, பித்தளை மாதிரி வர ஆரம்பிச்சுது. அதான் எஃப்எம் சிந்தசிஸ். அமெரிக்க ஆர்கன் கம்பெனிங்க இதை வாங்கல, யமஹா வாங்கிச்சு, வாங்கி பல வருஷம் அதுக்கு சிப் செஞ்சு, கடைசியில 16 நோட் ஒண்ணா வாசிக்கிற கீபோர்டை அமெரிக்காவுல 1,995 டாலருக்குக் கொடுத்தாங்க. ப்ராஃபெட் மாதிரி அனலாக் கருவிங்களை இதுக்கும் மேல காசு கொடுத்து வாங்கிட்டு அஞ்சு நோட்டுக்கு மேல வாசிக்க முடியாம இருந்தவங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

ஏன் எல்லா பாட்டுலயும் அதே டோன்னா, புதுசா டோன் செய்யுறது அவ்வளவு கஷ்டம். ஆறு ஆபரேட்டர் (ஒண்ணை ஒண்ணு ஆட்டுற ஆசிலேட்டர்), அதை இணைக்க 32 விதம், எல்லாத்தையும் ரெண்டு வரி டிஸ்ப்ளேல பாத்து ஒரே ஒரு ஸ்லைடர்ல மாத்தணும். திருகே கிடையாது. கம்பெனி கொடுத்ததையே முக்கால்வாசிப் பேர் வாசிச்சாங்க. எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம் உண்டு, அந்தக் கருவியால செய்ய முடிஞ்சதுல ஒரு ஓரத்தை மட்டும்தான் உலகம் கேட்டுச்சு.

நோக்கியா போன்ல வந்த பாலிஃபோனிக் ரிங்டோனும் மிடியா?
– வாசகர், வேலூர்

ஆமாங்க, அதே வகைதான். சத்தம் போன்லயே இருக்கும், ஃபைல்ல எந்த நோட்டை எப்போ வாசிக்கணும்னு மட்டும் இருக்கும், அதனாலதான் முழுப் பாட்டும் சில கிலோபைட்டுல அடங்குச்சு. எந்த நம்பருக்கு எந்த வாத்தியம்னு 1991-ல ஜெனரல் மிடின்னு ஒரு பட்டியல் போட்டாங்க, மொத்தம் 128, ட்ரம்ஸ் எப்பவும் 10-ஆம் சேனல். அதுல சிதார் 105, ஷெனாய் 112. நம்ம வீணையும் நாதஸ்வரமும் மிருதங்கமும் அந்தப் பட்டியல்ல இல்ல, இருந்திருக்கணும்னு இன்னும் நினைக்கிறேன்.

நம்ம நாட்டுக்கு சிந்தசைசர் முதல்ல சினிமா வழியாத்தான் வந்துச்சா?
– ஆசிரியை, புதுச்சேரி

பலரும் அப்படித்தான் நினைக்கிறாங்க மேடம், ஆனா ரொம்ப முன்னாடியே அகமதாபாத் தேசிய டிசைன் கழகத்துல, என்ஐடின்னு சொல்லுவோமே, அங்க ஒரு மூக் மாடுலர், அதாவது தனித்தனி பகுதியை வயரால இணைச்சு வாசிக்கிற சிந்தசைசர், இருந்துச்சு. 1969-ல அமெரிக்க இசைக்காரர் டேவிட் டியூடர் வந்து அதை வச்சு ஸ்டூடியோ அமைச்சுக் கொடுத்தார். நாட்டோட முதல் எலக்ட்ரானிக் இசை ஸ்டூடியோன்னு அதைத்தான் சொல்றாங்க. கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரான்னு சிலர் அதுல வேலை பண்ணினாங்க. கீதா சாராபாய் யாருன்னா, 1940கள்ல நியூயார்க் போய் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை பத்திச் சொல்லிக் கொடுத்தவங்க.

70கள் தொடக்கத்துலயே அந்த வேலை அடங்கிப் போச்சு, டேப்பெல்லாம் என்ஐடி ஆவணக் காப்பகத்துலயே கிடந்துச்சு. பிரிட்டன் கலைஞர் பால் பர்கஸ் தேடி எடுத்து, 2023-ல தொகுப்பா வெளியாச்சு. மூக் மாடுலர்ல வயரைக் கழட்டினா அந்தச் சத்தம் போச்சு, எங்கேயும் சேமிக்க முடியாது, அப்போ அவங்க செஞ்சதுல மிச்சம் இருக்குறது அந்த டேப் மட்டும்தான். அது பத்திரமா இருந்ததே பெரிய புண்ணியம். கேட்டுப் பாருங்க, ராகம் வாசிக்க முயற்சி பண்ணாம சத்தத்தையே புதுசா ஆராய்ஞ்சிருப்பாங்க.

வீணை சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைங்க கீபோர்டுல தோடி வாசிக்கணும்னு கேக்குறாங்க. கட்டை கட்டையா இருக்குற கருவியில கமகம் வருமா?
– வீணை ஆசிரியை, தஞ்சாவூர்

வெறும் கட்டையை வச்சு வராதுங்கம்மா, இடது கைப் பக்கம் இருக்குற பிட்ச் பெண்ட் வீல வச்சு வரும். அந்த வீல் மினிமூக் காலத்துல இருந்தே இருக்கு, வீணையில தந்தியை இழுக்குற வேலையை அதுதான் பாக்கும்.

நீங்க தோடியவே கேட்டதால அதையே வச்சுச் சொல்றேன். ஒரு கட்டை சுருதின்னு வைங்க, ச வந்து சி. தோடியோட காந்தாரம், சாதாரண காந்தாரம், இ ஃபிளாட் கட்டை. ஆனா யாரும் அந்த இடத்துல நின்னு பாட மாட்டாங்க, கீழ ரிஷபத்துக்கும் மேல மத்யமத்துக்கும் நடுவுல ஆடும், அந்த ஆட்டம்தான் காந்தாரம். சுத்த ரிஷபம் டி ஃபிளாட், இ ஃபிளாட்ல இருந்து ரெண்டு அரைச்சுரம் கீழ. சுத்த மத்யமம் எஃப், ரெண்டு அரைச்சுரம் மேல. பெரும்பாலான கீபோர்டுல பிட்ச் பெண்ட் வாங்கி வரும்போதே மேல ரெண்டு கீழ ரெண்டு அரைச்சுரம்னுதான் செட் பண்ணியிருப்பாங்க. அப்போ இ ஃபிளாட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வீலைக் கடைசி வரைக்கும் கீழ இறக்கினா ரிஷபம், கடைசி வரைக்கும் மேல ஏத்தினா மத்யமம், தோடி காந்தாரத்தோட முழு வீச்சும் அந்த வீலுக்குள்ள அப்படியே அடங்குது! பிள்ளைங்களை முதல்ல அந்த ஒரு சுரத்தை மட்டும் வீல்ல ஆட்டச் சொல்லுங்க, பாடிக்கிட்டே ஆட்டணும், குரல் எங்க போகுதோ கை அங்க போகணும். டோன் புல்லாங்குழலோ ஸ்ட்ரிங்ஸோ வைங்க, பியானோ வேண்டாம், அது அமுக்கின உடனே தேய ஆரம்பிச்சுடும், ஆட்டறதுக்கு சத்தம் மிஞ்சாது.

மத்த பெரும்பாலான மிடி செய்திக்கு 128 படிதான், பிட்ச் பெண்டுக்கு 16,384 படி வச்சிருக்காங்க, காது அவ்வளவு நுணுக்கம்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. குறை எங்கன்னா, வீலை ஆட்டினா அந்தச் சேனல்ல ஒலிக்கிற எல்லா நோட்டும் சேந்து ஆடும், கார்டு வாசிக்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி, ஒவ்வொரு விரலும் தனியா ஆட 2018-ல எம்பிஇன்னு ஒரு முறை வர வேண்டியிருந்துச்சு. நமக்கு அந்தத் தலைவலி கிடையாது, நம்ம இசை ஒத்தை வரி, ஒரு சேனல் போதும். தம்பூராவை மட்டும் வேற சேனல்ல வைங்க, இல்லன்னா சுருதியும் சேந்து ஆடும்.

மும்பையில ஹிந்தி சினிமாவுக்கு வாசிச்ச சரண்ஜித் சிங் 1982-லேயே ரோலண்ட் ஜூபிடர் 8 சிந்தசைசர், டிபி 303 பேஸ் மெஷின், டிஆர் 808 ட்ரம் மெஷின் மூணையும் வச்சு 10 ராகத்தை டிஸ்கோ தாளத்துல பதிவு பண்ணினார். 303-ல ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போற ஸ்லைடு இருக்கு, ராகம் வாசிக்கிறவருக்கு அது நல்லாவே உதவியிருக்கு. அது மூணும் மிடி வர்றதுக்கு முந்தின மெஷின். சிகாகோவுல அதே 303-ஐ வச்சு ஆசிட் ஹவுஸ்ங்கிற நடன இசை பிறந்தது அதுக்கு அப்புறம்தான். அந்த ரெக்கார்டு அப்போ பெரிசா போகல, 2010-ல திரும்ப வெளிவந்தப்போதான் உலகம் நின்னு கேட்டுச்சு. மனுஷனுக்கு உயிரோட இருக்கும்போதே மேடை கிடைச்சுதுங்கிறதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம், 2015-ல காலமானார்.

அப்பா விட்டுட்டுப் போன டிஎக்ஸ்7 ஆன் ஆகுது, ஆனா டோன் பேரெல்லாம் ஏதேதோ எழுத்தா வருது, சத்தமும் கண்டபடி வருது. கடையில சரி பண்ண முடியாது, தூக்கிப் போடுங்கன்னுட்டாங்க.
– வாசகி, மதுரை

தூக்கிப் போடாதீங்கம்மா! நீங்க சொல்ற அறிகுறிக்கு முதல்ல சந்தேகப்பட வேண்டியது உள்ள இருக்குற பேட்டரி. கரண்ட் இல்லாதப்போ டோனைக் காப்பாத்த ஒரு 3 வோல்ட் லித்தியம் பட்டன் பேட்டரி இருக்கும், சிஆர்2032 வகை, கடிகாரக் கடையிலயே கிடைக்கும். ஆனா இதுல பேட்டரியை போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, அதனால நீங்களா நோண்டாம சால்டரிங் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுத்து, அந்த இடத்துல ஒரு ஹோல்டரைப் போட்டு பேட்டரியை அதுல வைக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை கையாலயே மாத்திக்கலாம். பேட்டரி செத்தப்பவே பழைய டோன் அழிஞ்சிருக்கும், கவலை வேண்டாம், கம்பெனி டோன் 32-ஐயும் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ்ங்கிற மிடி செய்தி மூலமா கம்ப்யூட்டர்ல இருந்து திரும்ப ஏத்தலாம். ஏத்துறதுக்கு முன்னாடி கீபோர்டுல இன்டர்னல் மெமரி ப்ரொடெக்டை ஆஃப் பண்ணணும், அதை மறந்துட்டுத்தான் பலரும் ஏறலைங்கிறாங்க.

அப்பாவோட கீபோர்டு கூட டோனைச் சேமிச்சு வைக்கிற கார்ட்ரிட்ஜ் ஏதாவது இருக்கான்னு பையில, டப்பாவுல எல்லாம் தேடுங்க. அவர் சொந்தமா செஞ்ச டோன் அதுல இருக்க வாய்ப்பிருக்கு. கிடைச்சா புதுசா எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி முதல் வேலையா அதை மிடி வழியா கம்ப்யூட்டருக்கு காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வச்சுடுங்க, கார்ட்ரிட்ஜோட ப்ரொடெக்ட் ஸ்விட்ச் ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு சொருகுங்க.

இதே காலத்து கோர்க் பாலிசிக்ஸ் கீபோர்டு வச்சிருக்கிறவங்க மட்டும் இன்னிக்கே திறந்து பாருங்க, அதுல இருக்குறது நிக்கல் காட்மியம் பேட்டரி, ஒழுகி போர்டையே அரிச்சுடும், நல்லா வேலை செய்யுதேன்னு விட்டுடாதீங்க.